கப்பித்தான் காமாவுக்குக் காஞ்சியின் புகழுரை

காஞ்சிபுரத்தில் நின்று ஒருவரைப் புகழ்வதற்கு ஒரு முறை உண்டு. அதைக் கற்றுத் தந்தவர் ஔவை. அதியமானின் தூதாக வந்தவரைக் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துப்போய்க் காட்டினான். ஔவை ஒரு குறையும் சொல்லவில்லை. மயிற்பீலி சூட்டி, மாலை சாத்தி, நெய் பூசிய ஆயுதங்கள் காவலுள்ள மனையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன என்றார். அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தொண்டைமானின் ஆயுதங்கள் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தன.

கப்பித்தான் வாஸ்கோ ட காமா அவர்களே, அந்த முறையில்தான் உம்மைப் புகழ வந்திருக்கிறேன். உம்மைப் பற்றி உம் பகைவர்கள் சொன்ன எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பயணத்தில் உம் கப்பலோடு வந்தவர் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. ஆல்வாரோ வெல்யோ எழுதியது என்பார்கள். இரண்டாம் பயணத்தை உடன்வந்து பார்த்து எழுதிய தொமே லோபெஸ் இருக்கிறார். பிறகு கஸ்பார் கொரேயா. இவர்கள் உம்முடைய ஆட்கள். இவர்கள் பெருமையாக எழுதியதைத்தான் நானும் பெருமையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் உம் துணிவு. 1497 ஜூலை 8 அன்று நான்கு கப்பல்களில் ஏறக்குறைய 170 பேரோடு லிஸ்பனை விட்டீர். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியே போகாமல், காற்றைத் தேடி அட்லாண்டிக்கின் நடுவில் பெரிய வில்லாக வளைந்தீர். ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம்வரை உம் ஆட்கள் கரையையே பார்க்கவில்லை. இது பெரிய காரியம். கடலை அறிந்த எவரும் இதற்குத் தலை வணங்குவார்கள், நானும் வணங்குகிறேன். நன்னம்பிக்கை முனையை 1488-லேயே பார்த்தொலொமேயு தியாஸ் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். இந்தப் பயணத்திலும் அவர் சிறிது தூரம் உம்மோடு வந்தார். பிறகு அவர் ஒதுங்கிக்கொண்டார். பெயர் உம்மிடம் வந்து சேர்ந்தது.

முனையைத் தாண்டிக் கிழக்குக் கரைக்கு வந்தபோது, நீர் கண்டது ஏற்கெனவே போக்குவரத்து நிறைந்த கடல். மொசாம்பிக், மொம்பாசா, மலிந்தி என்று வரிசையாகத் துறைமுகங்கள். அவற்றில் அரபு நாட்டுக் கப்பல்களும் குஜராத்துக் கப்பல்களும். அங்கேதான் உம் கண்டுபிடிப்பின் நேர்த்தி வெளிப்பட்டது. வழி தெரிந்தவரைக் கேட்டீர். மலிந்தி மன்னர் வழிகாட்டி தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் தாமதமானதும், அவருடைய நம்பிக்கைக்குரிய ஊழியரைக் கப்பலில் பிடித்து வைத்துக்கொண்டு மீண்டும் சொல்லி அனுப்பினீர். மாலுமி வந்துவிட்டார். ஏப்ரல் 24 அன்று பாய் விரித்து, 23 நாளில் மலபார்க் கரை கண்ணில் பட்டது. நட்பு நாட்டிடம் உதவி கேட்கும் முறையையும் நீரே புதிதாக வகுத்தீர்.

அந்த மாலுமியின் பெயரை உம் நாட்குறிப்பு எழுதவில்லை. பிற்பாடு வந்த வரலாற்றாசிரியர் பாரோஸ், அவர் குஜராத்துக்காரர் என்றும் 'மாலெமோ கானா' என்றும் எழுதினார். எங்கள் ஊரில் கோர்வைப் புடவை நெய்யத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஊடை இழையால் பூட்டுப்போலக் கோத்துக்கொண்டே வரவேண்டும். நெசவாளர் ஒரு பக்கம் நாடா எறிவார். மறுபக்கக் கரைக்கு நாடா தள்ளித் தரும் ஆள் இல்லாவிட்டால் ஒரு விரல் அகலம்கூட நகராது. ஆனால் புடவை எப்போதும் ஒருவர் பெயரில்தான் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். இந்தியக் கடல்வழி என்ற கோர்வையும் அப்படித்தான் நெய்யப்பட்டது. கரை தள்ளித் தந்தவரைப் பற்றிக் கவலைப்படாமல் முழுப் புடவையையும் தோளில் போட்டுக்கொள்ள ஒரு தனிக் கம்பீரம் வேண்டும். அது உமக்கு இருந்தது.

1498 மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு வடக்கே நங்கூரம் போட்டீர். முதலில் கரைக்கு அனுப்பியது ஒரு தண்டனைக் கைதியை. இறந்தால் நட்டமில்லாத ஆள். தலைவர் என்றால் இந்த முன்யோசனை வேண்டும். அந்தக் கைதியைக் கரையில் இருந்தவர்கள் துனிஸ் நாட்டு வணிகர் இருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர்கள் காஸ்டில் மொழியும் ஜெனோவா மொழியும் பேசினார்கள். பத்து மாதம் கடலைக் கடந்து யாரும் அறியாத நாட்டைத் தேடி வந்த உம் ஆளிடம், இங்கே எதற்கு வந்தீர்கள் என்று உம் பக்கத்து நாட்டு மொழியிலேயே கேட்டார்கள். ரோமானியக் கப்பல்கள் அரிக்கமேட்டுக்கு வந்துபோய் அப்போதே ஆயிரத்து நானூறு ஆண்டுக்குமேல் ஆகியிருந்தது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எங்கள் காஞ்சிக்கு வந்து, இலங்கையிலிருந்து வந்திருந்த பிக்குகளோடு உட்கார்ந்து நூல்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். அவர் எங்களைக் கண்டுபிடித்ததாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் குறை உம்மால்தான் நீங்கியது.

இனி நீர் கொண்டுவந்த பரிசு. இதைப் பற்றி நெசவாளர் ஊரில் பிறந்தவர்கள் விரிவாகப் பேச உரிமை உண்டு. கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னருக்கு நீர் எடுத்து வைத்தவை: கோடு போட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கைகழுவும் பாத்திரம் 6 அடங்கிய பெட்டி, ஒரு பெட்டி சர்க்கரை, எண்ணெய் 2 பீப்பாய், தேன் 2 பீப்பாய். மன்னரின் அதிகாரிகள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மக்காவிலிருந்து வரும் ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், மன்னருக்குத் தருவதானால் பொன் தாரும் என்றார்கள். பிறகு மன்னரே கேட்டார்: நீர் கண்டுபிடிக்க வந்தது கல்லையா மனிதரையா, மனிதரை என்றால் ஏன் ஒன்றும் கொண்டுவரவில்லை என்று.

நாங்கள் சிரிக்க மாட்டோம். துணி விளையும் நாட்டுக்குத் துணியும் சர்க்கரை விளையும் நாட்டுக்குச் சர்க்கரையும் எடுத்துவந்தது உம் எளிமையைக் காட்டுகிறது. அன்று தொண்டைமண்டலத் தறிகளில் பெரும்பாலும் ஓடியது பருத்தி. அந்தத் துணி கிழக்கே மலாக்காவரை போய்க்கொண்டிருந்தது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் தண்டிலேறிச் சங்கு ஊதிச் செல்லும் உரிமை பெற்றிருந்ததைக் காணலாம். மற்ற ஊர் நெசவாளர்கள் எங்களுக்கும் காஞ்சியில் உள்ளதுபோல் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பல்லக்கில் போகும் நெசவாளர்கள் வாழ்ந்த காலத்தில், பன்னிரண்டு துண்டுத் துணியோடு ஒரு பேரரசின் தூதராக வந்து நிற்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! உம்முடைய நாட்குறிப்பின் கடைசியில் இந்தப் பக்கத்து நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் சோழமண்டலமும் வருகிறது. அங்கே பருத்தித் துணி ஏராளம் என்று எழுதியிருக்கிறது. கொண்டுவந்தது குறைவாக இருந்தாலும், எடுத்துப்போக வேண்டியதைக் குறித்துக்கொள்வதில் நீர் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதே பட்டியல் சோழமண்டலத்து அரசரைக் கிறிஸ்தவர் என்கிறது. நீர் எல்லாரையும் உம்மவராகவே பார்த்தீர். மன்னரைப் பார்க்கப் போகும் வழியில் ஒரு கோவிலுக்குள் அழைத்துப் போனார்கள். அதை மாதா கோவில் என்று எண்ணி மண்டியிட்டுத் தொழுதீர். சுவரில் நாலைந்து கையும் வெளியே நீண்ட பல்லுமாகப் புனிதர்கள் எழுதப்பட்டிருந்ததை நாட்குறிப்பு சொல்கிறது. உம் பக்கத்தில் மண்டியிட்ட ஜுவான் த ஸாவுக்கு ஐயம் வந்தது, உமக்கு வரவில்லை. ஆயிரம் கோவில் உள்ள ஊர் என்று பேர் வாங்கிய காஞ்சிக்காரர்களுக்கு இது மனம் நிறைந்த செய்தி. நீர் வந்துபோன 11 ஆண்டுகளில், 1509-இல், அந்தச் சோழமண்டலத்துக்கு அரசராக வந்த கிருஷ்ணதேவராயர் ஏகாம்பரநாதருக்கு ராஜகோபுரம் எழுப்பினார். நீர் எங்கள் ஊர்வரை வந்திருந்தால் அதையும் தேவாலயம் என்றே கும்பிட்டிருப்பீர். அந்தச் சில மாதங்கள், எங்களை உம்மவர் என்று நம்பிய மாதங்கள், உம் வாழ்க்கையில் மிக நல்லவை என்று நான் நினைக்கிறேன். எங்களுக்கும்தான்.

திரும்பிப் போன விதமும் புகழத்தக்கது. எங்கள் கரைக் கடலோடிகளுக்குக் காற்றுதான் நாள்காட்டி. கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் காலத்தில் மேற்கே போக முடியாது. வாடைக்காற்று திரும்பட்டும் என்று காத்திருப்பார்கள். அரபு மாலுமிகளும் குஜராத்து மாலுமிகளும் அப்படியே. வரும்போது அந்த அறிவு உம் கப்பலில் ஏறி நின்றது. 23 நாளில் கடலைக் கடந்தீர். போகும்போது அதை நம்பியிருக்க விரும்பவில்லை. மன்னரோடு மனம் கசந்து, கரையாட்கள் சிலரைப் பிடித்துக்கொண்டு, ஆகஸ்ட் 29 அன்றே பாய் விரித்தீர். அக்டோபர் தொடக்கத்தில் அஞ்சுதீவை விட்டு, ஜனவரி 2 அன்று ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்தீர். அதே கடலைக் கடக்க மூன்று மாதத்துக்கு மூன்று நாள்தான் குறைவு. ஈறு வீங்கி, கால் வீங்கி, அந்தக் கடலில் மட்டும் 30 பேர் செத்தார்கள். ஒவ்வொரு கப்பலிலும் வேலை செய்யத் திராணியுள்ளவர் ஏழெட்டுப் பேர். கப்பலோட்ட ஆளில்லாமல் 'ஸான் ரஃபாயேல்' கப்பலை நீரே எரித்தீர். உம் அண்ணன் பவுலோ வழியிலேயே நோயுற்று அசோர் தீவில் இறந்தார். 170 பேரில் வீடு திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. யாருடைய ஆலோசனைக்கும் கட்டுப்படாத தலைவர் என்ற பெயர் உமக்கு இவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்தது. அந்த விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள்.

இப்போது உம் ஞாபகசக்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரித்தவர்களை நீர் மறக்கவில்லை. இடையில், 1500 டிசம்பரில், உமக்குப் பின் போர்ச்சுகல்லிலிருந்து வந்த கப்ரால் கோழிக்கோட்டில் ஒரு கப்பலைப் பிடித்ததால் கலவரம் மூண்டு, போர்ச்சுகீசியப் பண்டகசாலையில் இருந்த ஐம்பது பேர்போலக் கொல்லப்பட்டார்கள். அதுவும் உண்மை, அவர்களும் ஒருவர் வீட்டுப் பிள்ளைகள். கப்ரால் பதிலுக்குப் பல கப்பல்களை எரித்து, நகரத்தைக் குண்டால் அடித்துவிட்டுப் போனார். கணக்கு அதோடு தீர்ந்தது என்று சாதாரண மனிதர்கள் நினைத்திருப்பார்கள். நீர் 1502-இல் இருபது கப்பலோடு வந்தீர். வழியில் கில்வா மன்னரிடம் கப்பமாகப் பொன் வாங்கினீர். அந்தப் பொன்னால் செய்த திருப்பண்டம் இன்றும் லிஸ்பனில் இருக்கிறது. உம் பக்திக்கு அது சாட்சி.

செப்டம்பர் இறுதியில் 'மீரி' என்ற கப்பல் உம்மிடம் அகப்பட்டது. மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்கள். நூற்றுக்கணக்கான ஆண்கள், அவர்களோடு பெண்களும் குழந்தைகளும். ஜவ்ஹர் அல்-ஃபகீ என்ற பெரு வணிகர் அதில் இருந்தார். தன்னையும் தன் குடும்பத்தையும் விட்டால் பல கப்பல்கள் நிறைய வாசனைப் பொருள் ஏற்றித் தருவதாகப் பேரம் பேசினார். நீர் மசியவில்லை. வணிகம் செய்ய வந்தவர் ஒருவர் இவ்வளவு பெரிய இலாபத்தை வேண்டாம் என்று சொன்னது அரிது. கப்பலில் இருந்த பொருளையெல்லாம் எடுத்துக்கொண்டு, ஆட்கள் உள்ளே இருக்கத் தீ வைக்கச் சொன்னீர். அவர்கள் அணைத்தார்கள், மீண்டும் வைத்தீர். பெண்கள் நகைகளைக் கழற்றிக் காட்டினார்கள், கைக்குழந்தைகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள் என்று தொமே லோபெஸ் எழுதுகிறார். சில குழந்தைகளை மட்டும் உம் கப்பலில் ஏற்றி, ஞானஸ்நானம் கொடுத்துத் துறவிகளாக்க எடுத்துக்கொண்டீர். லோபெஸ் உம்முடைய ஆள். அந்தத் திங்கட்கிழமையை, 1502 அக்டோபர் 3-ஐ, வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன் என்று அவர் எழுதிவைத்தார். நீர் அதற்காகத் தூக்கம் இழந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. பெரிய தலைவர்களின் மன உறுதி அப்படிப்பட்டது.

நவம்பர் முதல் நாள் கோழிக்கோட்டுத் துறையில் பிடித்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பாய்மரக் குறுக்குக் கட்டைகளில் தூக்கிலிட்டீர். கரையில் உறவினர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கையும் காலும் தலையும் தனித்தனியாக ஒரு படகில் ஏற்றப்பட்டன. உடல்கள் கடலில் போடப்பட்டு அலையோடு கரைக்குப் போயின. படகோடு ஒரு கடிதமும் போனது. நட்பு வேண்டுமானால் முன்பு எடுத்ததற்கெல்லாம் பணம் கொடுக்க வேண்டும். இப்போது உங்கள்மேல் சுட்டதில் செலவான வெடிமருந்துக்கும் குண்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று. கணக்கில் உமக்கு இருந்த கண்டிப்பை மெச்சாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் எவ்வளவோ கறாரான வியாபாரிகள் இருந்திருக்கிறார்கள். அடித்த அடிக்கு அடிபட்டவரிடம் கூலி கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அடுத்ததைச் சொல்பவர் கஸ்பார் கொரேயா. அவர் 1512-இல்தான் இந்தியா வந்தார். இதைக் கேட்டறிந்து எழுதினார். உம்மைக் குறைசொல்வதற்காக எழுதியவர் இல்லை. சோழமண்டலக் கரையில் அரிசி ஏற்றிக்கொண்டு இரண்டு பெரிய கப்பல்களும் 22 சிறு மரக்கலங்களும் கோழிக்கோட்டுக்கு வந்தன என்கிறார். எங்கள் பக்கத்து வயல்களில் விளைந்த அரிசி. எங்கள் பக்கத்துக் கரையிலிருந்து கிளம்பிய ஆட்கள். அவர்களுக்கும் மன்னரின் பரிசுச் சிரிப்புக்கும் சம்பந்தமில்லை, பண்டகசாலைக் கலவரத்துக்கும் சம்பந்தமில்லை. நீர் அரிசியை எடுத்துக்கொண்டீர். ஆட்களின் கையையும் காதையும் மூக்கையும் அறுக்கச் சொன்னீர். கால்களைக் கட்டினார்கள். பல்லால் கட்டை அவிழ்த்துவிடுவார்களோ என்று பற்களைத் தடியால் உடைத்தார்கள். ஒருவர்மேல் ஒருவராகக் குவித்து, பாயும் காய்ந்த ஓலையும் போட்டு மூடி, தீ வைத்து, கப்பற்பாயை விரித்துக் கரையை நோக்கி அனுப்பினார்கள். எண்ணூறு பேருக்கு மேல் என்கிறார் கொரேயா.

உம் கருணையையும் அவரே பதிவு செய்திருக்கிறார். சிலரைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அம்பு எய்தபோது, அவர்களில் சோழமண்டலத்துக்காரர் மூன்று பேர் புனித தோமாவின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். கிறிஸ்தவர்களாக வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தோமா அடக்கமான இடம் என்று மரபு சொல்லும் மயிலாப்பூர் அவர்கள் கரையில்தான் இருக்கிறது. காஞ்சியிலிருந்து இன்று பேருந்தில் இரண்டு மணி நேரம். கிறிஸ்தவர்களையும் வாசனைப் பொருள்களையும் தேடி வந்தோம் என்பதுதான் முதல் பயணத்தில் உம் ஆள் துனிஸ் வணிகரிடம் சொன்ன பதில். கோவிலில் மண்டியிட்டுத் தேடினீர். பட்டியலில் எழுதித் தேடினீர். கடைசியில் தாமாகவே கேட்டு வந்த மூன்று பேர் உம் கப்பலின் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நீர் இரங்கினீர். கிறிஸ்தவரானாலும் கொல்லத்தான் வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினீர். உயிரைக் கேட்கவில்லை, திருமுழுக்குத்தான் கேட்கிறோம் என்றார்கள். குருவானவர் திருமுழுக்குக் கொடுத்தார். அதன்பின் அம்பின் வலி தெரியக்கூடாதே என்று அவர்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லச் சொன்னீர்.

இதற்கு மேல் உம் கருணையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை.

உம் உண்மையான கண்டுபிடிப்புக்கு வருகிறேன். அதை நீர் ஒருவரே கண்டீர், யாரும் கைதரவில்லை. கடலுக்குப் பூட்டுப் போடலாம் என்பதே அது. உமக்கு முன் இந்தக் கடலில் கொள்ளையர் இருந்தார்கள். கடல் கடந்து படையெடுத்த சோழர்கள் இருந்தார்கள். துறைமுகத்தில் தீர்வை வாங்கும் அரசர்கள் இருந்தார்கள். ஆனால் நடுக்கடலில் போகும் கப்பலை நிறுத்தி, யாரைக் கேட்டு இங்கே வந்தாய் என்று கேட்கும் உரிமை தனக்கு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. உம் இரண்டாம் பயணக் காலத்தில் தொடங்கியது 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு. கப்பலின் பெயர், தலைவர் பெயர், சரக்கு, ஆட்கள், ஆயுதம், போகும் துறை எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம். சீட்டு உள்ள கப்பலும் போர்ச்சுகீசியக் கோட்டையில் நின்று தீர்வை கட்டிவிட்டுப் போகவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கரை விட்டுக் கரை போனவர்கள், பத்து மாதம் தள்ளியிருந்து வந்தவரிடம் சீட்டு வாங்கித் தம் கடலில் போனார்கள். இது எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முகலாயப் பேரரசர் அக்பரின் அத்தை குல்பதன் பேகம் 1570-களில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, சூரத்தில் இந்தச் சீட்டுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. அக்பரின் வீட்டுப் பெண்ணே காத்திருந்தார் என்றால், பழவேற்காட்டில் துணிப் பொதியோடு நின்ற வணிகரை யார் கேட்பார்கள்?

உமக்குப் பின் வந்தவர்கள் நீர் காட்டிய வழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1510-இல் கோவா, 1511-இல் மலாக்கா, 1515-இல் ஓர்முஸ். அரபுக் குதிரைகள் கோவா வழியாகவே விஜயநகரத்துக்கு வரும்படி ஆயிற்று. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜர் கோவில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் முன்னங்கால் தூக்கி நிற்கும் குதிரைகளைப் பார்ப்பவர்கள் சிற்பியைப் புகழ்கிறார்கள். நிஜக் குதிரைக்கு யார் கையில் கடிவாளம் இருந்தது என்று யோசிப்பதில்லை. மலாக்காவில் சோழமண்டலத் துணியை வாங்கி விற்றவர்கள் தமிழ் வணிகர்கள். அவர்களில் ஒருவரைப் போர்ச்சுகீசியர் நினா சத்து என்று எழுதுவார்கள். சிறைப்பட்டிருந்த போர்ச்சுகீசியருக்கு உதவியவர். அதற்குப் பரிசாகப் பெரிய பதவி கொடுத்தார்கள். பிறகு 1514-இல் பிடுங்கிக்கொண்டார்கள். அவமானம் தாங்காமல் அவர் தீ மூட்டி அதில் இறங்கினார். நன்றி மறவாமை பற்றி வள்ளுவருக்குப் பிறகு எங்களுக்குப் பாடம் எடுக்க உம் வழிவந்தவர்கள் இப்படி முயன்றிருக்கிறார்கள்.

1524-இல் மூன்றாம் முறை வந்தபோது நீர் பிரபு, இந்தியாவின் வைஸ்ராய். கரையை நெருங்கும்போது கடலுக்கடியில் நிலம் அதிர்ந்து கப்பல்கள் ஆட, எல்லோரும் பயந்தார்கள். கடல் நம்மைக் கண்டு நடுங்குகிறது என்று நீர் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். நான் இதை நம்புகிறேன். அதற்குள் கடலுக்கு உம்மை நன்றாகத் தெரிந்திருந்தது. மூன்று மாதம் கழித்து டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தீர். 1539-இல் உம் எலும்புகளைத் தாயகத்துக்கு எடுத்துப் போனார்கள். இங்கிருந்து எடுத்துப்போனவற்றில் எங்களுக்கு வருத்தமில்லாதது அது ஒன்றுதான்.

1572-இல் போர்ச்சுகீசியக் கவிஞர் கமோயிஸ் உம்மைக் காவியத் தலைவராக்கினார். லிஸ்பனில் பாலத்துக்கு உம் பெயர். கோவாவில் ஊருக்கே உம் பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு உம் பெயரும் 1498 என்ற ஆண்டும் தெரியும். இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவில் படிக்கும் குழந்தையும் தயங்காமல் சொல்லும். இதில்தான் எனக்கு மனக்குறை. உம் சாதனைகளில் பத்தில் ஒன்றைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஒரு பெரிய மனிதரை இவ்வளவு சுருக்கலாமா?

உம் பெயரைப் பாடப் புத்தகத்திலிருந்து எடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு சேர மாட்டேன். உமக்கு இன்னும் பக்கங்கள் தர வேண்டும். 1498 மே 20-க்குப் பக்கத்தில் 1502 அக்டோபர் 3-ஐயும் அச்சிட வேண்டும். பன்னிரண்டு துண்டுத் துணி, பிடித்து வைத்து வாங்கிய வழிகாட்டி, குண்டுக்குக் காசு கேட்ட கடிதம், கடலுக்குப் போட்ட சீட்டு எல்லாம் வரவேண்டும். உம்மால் பெயர் எழுதப்படாத அந்தக் குஜராத்து மாலுமிக்கு ஒரு வரியும், தோமாவின் பெயரைச் சொல்லிக் கூவிய அந்த மூன்று சோழமண்டலத்தார்க்கு ஒரு பத்தியும் வேண்டும். அதைப் படித்துவிட்டு, கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் உம் பெயரையே எழுதட்டும். என்ன கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.